கன்னி நாய்க்குப் பூங்கா ஒத்துவருமா?

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து கீழக்கரைக்குப் படிக்க வரும் மாணவன் ஒருவன், வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். பாடத்தில் ஐயம் என்று நினைத்தேன். "சார், ஒரு நாய் விஷயம்" என்றான்.

அவன் வீட்டில் ஒரு கன்னி நாய் இருக்கிறது. தாத்தா ஆசையாக வளர்த்தது. அவர் காலமான பிறகு அதைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. பெரும்பாலும் சங்கிலியில்தான் கிடக்கிறது. ஐதராபாத்தில் வேலை பார்க்கும் அண்ணன் அதைத் தன்னோடு அழைத்துப் போகிறேன் என்கிறாராம். "கொண்டாப்பூர்ல நாய்களுக்குன்னே ஒரு பூங்கா இருக்காம் சார். தினமும் அங்க அவுத்து விட்டா நல்லா ஓடிக்கும்னு அண்ணன் சொல்றாரு. அம்மாவுக்கு மனசில்ல. சரியா வருமா சார்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல நாயைப் பற்றிக் கொஞ்சமும் இயற்பியல் கொஞ்சமும் தெரிய வேண்டும்.

முதலில் நாய். கோவில்பட்டி, சாத்தூர்க் கரிசல் காட்டுப் பக்கம் புகழ்பெற்றவை சிப்பிப்பாறையும் கன்னியும். இரண்டும் ஓரினமே, நிறந்தான் வேறு என்பாரும் உண்டு. ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், கூரிய மூக்கு. மோப்பத்தால் தேடும் நாயல்ல. கண்ணால் கண்டு துரத்தும் நாய். முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் முயல் வேட்டை குற்றமாயிற்று. அது சரியான சட்டந்தான். ஆனால் சட்டம் மாறியதென்று நாயின் காலும் கண்ணும் மாறிவிடுமா? ஆக, நம் கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரு வகையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாய்களே.

இவற்றுக்கு மேல்நாட்டில் ஓர் உறவுக்காரன் உண்டு. அதுதான் கிரேஹவுண்ட். இயந்திரத்தால் இழுக்கப்படும் பொம்மை முயலின் பின்னால் ஓடவிட்டுப் பந்தயம் கட்டுவார்கள். மக்காவ் நகரின் பந்தயத் திடல் 2018-இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டு முடிவோடு பந்தயம் நின்றது. இப்படி ஓய்வு பெற்ற நாய்களை வீடுகளில் தத்து எடுக்கிறார்கள். எடுத்தவர்கள் எல்லோரையும் குழப்பும் கேள்வியும் நம் மாணவன் கேட்டதுதான்: இவற்றைப் பொதுப் பூங்காவில் மற்ற நாய்களோடு அவிழ்த்து விடலாமா?

கிரேஹவுண்ட் ஏறத்தாழ 500 மீட்டரை 30 வினாடிக்குள் ஓடிவிடும். சராசரியாக வினாடிக்கு 16, 17 மீட்டர். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்த உசேன் போல்ட்டின் சராசரி வேகம் வினாடிக்குப் பத்தரை மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். குதிரை பாய்ந்தோடும்போது ஒரு சுற்று எட்டில் ஒரு முறைதான் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும். இந்த நாய்களுக்கோ இரண்டு முறை: உடல் வில்லாகச் சுருங்கும்போது ஒன்று, அம்பாக நீளும்போது ஒன்று. ஓடுகிறது என்பதைவிடப் பறக்கிறது என்பதே பொருந்தும்.

இனிக் கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கன்னியின் நிறை 18 கிலோகிராம், வேகம் வினாடிக்கு 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,760 ஜூல். இந்த வேகத்தில் ஒரு கம்பத்தில் மோதினால் எப்படியிருக்கும்? வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்துப் பாருங்கள். 10 மீட்டர் வரும். அதாவது பத்து மீட்டர் உயரப் பனையிலிருந்து கீழே விழுவதும், பூங்கா வேலியில் மோதுவதும் வேகத்தைப் பொறுத்தவரை ஒன்றே.

நாய் வேலியைப் பார்த்து நின்றுவிடாதா என்று கேட்பீர்கள். நிற்கும், ஆனால் நிற்பதற்கு இடம் வேண்டும். உலர்ந்த தரையில் உராய்வுக் கெழு 0.6 என்று கொண்டால், நிற்பதற்கு 17 மீட்டர் தேவை. 'நிற்க வேண்டும்' என்று மூளை முடிவு செய்ய ஐந்தில் ஒரு வினாடி ஆனாலும் அதற்குள் மேலும் மூன்று மீட்டர் போயிருக்கும். ஆக 20 மீட்டர்.

நிற்காமல் திரும்பினால்? 2005-இல் லண்டனிலுள்ள ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த அஷர்வுட், வில்சன் என்ற இருவர் இதை அழகாக ஆராய்ந்தார்கள். மனிதன் வளைவில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். கிரேஹவுண்ட் குறைப்பதில்லை. வளைவில் அதன் கால்கள் தாங்கும் விசை நேர்ப்பாதையில் இருப்பதைவிட 65 விழுக்காடு அதிகமாகிறது. அப்படியும் வேகம் தளர்வதில்லை! எடையை 1 என்று கொண்டால் மொத்த விசை 1.65. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் கிடைப்பது எடையைப்போல் 1.3 மடங்கு. அந்த விசையைக் கொண்டு நம் கன்னி வேகம் குறையாமல் திரும்பினால் வளைவின் ஆரம் 15 மீட்டர், வட்டத்தின் விட்டம் 30 மீட்டர். அத்தனை பளுவும் மெலிந்த கால் எலும்புகளின் மீதே விழுகிறது. பந்தய நாய்களின் கால் முறிவுகளில் பல வளைவில் நேர்வது இதனால்தான்.

கொண்டாப்பூர்ப் பூங்கா ஐதராபாத் மாநகராட்சியால் 2018-இல் அமைக்கப்பட்டது, பரப்பு 1.3 ஏக்கர். சதுரமாக இருந்தால் பக்கம் 72 மீட்டர். நம் கன்னிக்கு அது ஐந்து வினாடி ஓட்டம்! அதற்குள்ளேயே நடைபாதையும் மற்ற வசதிகளும் இருப்பதால், அவிழ்த்து ஓடவிடும் இடம் அதில் ஒரு பகுதிதான். பெரிய நாய்களுக்கும் சிறிய நாய்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இது மிக நல்ல ஏற்பாடு. ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அசையாமல் நிற்கும் 5 கிலோ பொமரேனியன் மீது நம் கன்னி மோதி, இரண்டும் சேர்ந்தே நகர்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி பொது வேகம் வினாடிக்கு 11 மீட்டர். கன்னியின் வேகத்தில் குறைவது 3; பொமரேனியனுக்கோ ஒரு நொடிக்குள் 11 ஏறிவிடுகிறது. கன்னி உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். மற்றது எழுவது சந்தேகம்.

மோதுவது தற்செயல் என்றும் சொல்ல முடியாது. நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடையாக ஒரு பட்டைபோல் செறிந்திருப்பதை 2004-இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடிவானத்தின் நெடுக எது அசைந்தாலும் அந்தக் கண்ணில் படும். சிறிதாக, வெள்ளையாக, குடுகுடுவென்று ஓடும் எதுவும் அதற்கு முயல்தான். 'இது பக்கத்து வீட்டு நாய்' என்ற நினைப்பு வருவதற்குள் கால்கள் கிளம்பிவிடும். பந்தய நாய்கள் தம்மினத்தைத் தவிர வேறு நாய்களைப் பார்க்காமலே வளர்வதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இன்னும் அதிகம். ஆகவே ஓடவிடும்போது வாய்க்கூடு மாட்டும் வழக்கம் இருக்கிறது. நம் கன்னி தெரு நாய், ஆடு, கோழி எல்லாவற்றோடும் வளர்ந்தது. அந்த அளவில் அது மேல். ஆனால் அறியாத நாய் நாற்பது ஒரே வேலிக்குள் இருப்பது அதற்குப் புதிது.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. தசை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவே மாறுகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர வேண்டும். பந்தயம் ஓடி முடித்த நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. கீழக்கரைபோன்ற கடலோர ஊரில் காற்றிலே ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகும். மொட்டைமாடியில் துணி காயாமல் இருக்கும் நாளில் நாயும் குளிராது!

'ஓடப் பிறந்த நாய், அதனால் நாள் முழுதும் ஓட வேண்டும்' என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு. இவை குறுந்தொலைவு ஓட்டக்காரர்கள். ஒரு நிமிடம் முழு மூச்சாக ஓடிவிட்டால் போதும். பிறகு படுத்துத் தூங்கும். கிரேஹவுண்டை வீட்டில் வளர்ப்பவர்கள் அதன் சோம்பலைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள். அவற்றுக்கு வேண்டியது தினமும் நிதானமான நடை, அவ்வப்போது நேராக நீண்ட இடத்தில் இரண்டொரு பாய்ச்சல், அவ்வளவே. சங்கிலியில் கிடப்பது மட்டும் ஆகவே ஆகாது. நீளக் கயிற்றில் கட்டி ஓடவிடுவதும் ஆகாது. கயிறு முடியும் இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில் நிற்கும். தலை சிறுத்த இனம் என்பதால் சாதாரணக் கழுத்துப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். அகலப் பட்டை வேண்டும்.

எங்கள் கடற்கரை ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். நீர் வற்றிய வேளையில் ஈர மணல் கெட்டியாக, நெடுக நேராக இருக்கிறது. ஓட ஏற்ற தளம். ஆனால் நங்கூரக் கயிறும் வலையும் கிடக்கின்றன; கரைப் பறவைகளையும் அது விட்டுவைக்காது. வற்றிய கண்மாய் இன்னும் நல்லது, சீமைக்கருவேல முள்ளைப் பார்த்து அகற்றினால். இந்நாய்களின் தோல் மெல்லியது. ஒரு முள் போதும், துணிபோல் கிழிந்துவிடும். வெடித்த கரிசலில் நகம் சிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு மாணவனிடம் சொன்னேன்: "பூங்கா கூடாதென்று நான் சொல்லவில்லை. கூட்டமான மாலை நேரம் கூடாது. விடியற்காலையில், பெரிய நாய்களின் பகுதியில், அது தனியாகவோ அதன் வேகத்துக்கு ஈடான இன்னொரு நாயோடோ இருந்தால் விடலாம். முதல் சில நாள் கையில் பிடித்தபடி வேலியோரமாக நடத்திக் காட்டட்டும். பூங்கா காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, அப்போது எத்தனை நாய்கள் வருகின்றன என்று உங்கள் அண்ணன் ஒரு வாரம் பார்த்து எழுதட்டும். நாய் போவது அப்புறம்."

அண்ணன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் மாணவன் ஞாயிறுதோறும் கண்மாய்க்குள் இரண்டு குச்சிகளை 50 மீட்டர் இடைவெளியில் நட்டு, கன்னி கடக்கும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்து வருகிறான். நான் வைத்துக்கொண்ட 14 சரியா என்று பார்க்கிறானாம். மூன்றாவது ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் அது வருவதில்லை; கருவேல நிழலில் போய்ப் படுத்துக்கொள்கிறது.