மழையும் ஊருணியும்

செட்டிநாட்டின் கீழச்சிவல்பட்டியில் எங்கள் தெருவிலுள்ள பெரிய வீடு ஒன்றின் மேல்மாடியில், இருபதடி உயரமுள்ள இரும்புக் குழாய் ஒன்று, உச்சியிலிருந்த ஆன்டெனாவின் அலுமினியக் கிளைகளெல்லாம் காற்றுக்கும் காக்கைக்கும் இரையாகி உதிர்ந்த பிற்பாடும், இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது. அதில் கட்டிய கொடியில் வேட்டிகள் உலர்கின்றன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டதாயினும் அதன் அலைகள் இவ்வளவு தூரம் எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி பிறந்தபோது, கடல் கடந்து வந்த அதன் மங்கலான உருவங்களைத்தான் தென்மாவட்டங்களின் பல ஊர்களில் ஜனங்கள் முதன்முதலாகத் தரிசித்தார்கள். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார், முற்றத்தில் ஒருவர் நின்று, “இன்னுங் கொஞ்சம்... போதும், போதும்... போச்சு!” என்று கூவுவார், இவ்வளவு பிரயாசைக்கும் பலனாகத் திரையில் தெரிந்தது, அடைமழைக்குள் நிற்பவர் போல் ஒருவர் சிங்களத்தில் செய்தி வாசிக்கும் காட்சி. பாஷை புரியாவிட்டாலும் அதைப் பார்க்கப் பட்டாலைக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை ஞாபகப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சி நம்மிடையே வந்தபோது கொண்டுவந்தது படத்தை மட்டுமன்று, ஒரு கடிகாரத்தையும்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, 1987-இல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை ராமாயணம், 1993 சித்திரைப் புத்தாண்டன்று சன் டிவி பிறந்து கேபிள் வீடுதோறும் நுழைந்த பிறகு அன்றாடம் மாலையில் வந்த தொடர்கள் என்று, வேறெங்கோ இருந்த யாரோ குறித்த நேரத்துக்கு நம் அடுப்பும் சாப்பாடும் கோயிலுக்குப் போகும் வேளையும் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டன. சினிமாவுக்கு இந்தச் சீமை அந்நியமன்று, ஏவி.எம். ஸ்டூடியோவே கோடம்பாக்கம் போவதற்கு முன் காரைக்குடியில்தான் இருந்தது. ஆயினும் 2010-இல் ‘நாதஸ்வரம்’ தொடர் காரைக்குடியையே கதைக்களமாகக்கொண்டு தொடங்கியபோது, எங்கள் பக்கத்து வளவுகளும் தூண்களும் பெட்டிக்குள் தோன்றியதைக் கண்டு ஜனங்கள் அடைந்த பெருமிதம் சொல்லி முடியாது. 2014-இல் அதன் ஆயிரமாவது பகுதி நேரலையாகவே நடித்து ஒளிபரப்பாயிற்று. அந்த வேளையில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடப்பவன், ஒரு வீட்டு வாசலில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு வாசலில் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது அதே தெருவில் அதே வேளையில் நடந்தால் நாய்க் குரைப்புத்தான் கேட்கிறது. சென்ற மாதம், குழாய் நிற்கும் அந்த வீட்டு ஆச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டி பின்னல் துணி போர்த்தி மூலையில் இருந்தது. செட்டாப் பாக்ஸின் மேல் மருந்துச் சீட்டுகள். ஆச்சியோ இரண்டாம் கட்டில் பித்தளைச் செம்பின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, கீரை ஆய்ந்துகொண்டே அதே பழைய தொடர்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டிவியை ஏன் ஆச்சி மூடிப்போட்டீங்க?” என்றேன்.

“அது ஓடுறப்ப நான் பாக்கணும் தம்பி, இது நான் பாக்குறப்ப ஓடுது. சிங்கப்பூர்லேர்ந்து பேரன் பணங்கட்டி வச்சிருக்கான். கேபிள்காரத் தம்பியைத்தான் இனிமே வர வேணாம்னுட்டேன், பாவம்.”

இந்த மாறுதலின் தத்துவம் முழுவதும் ஆச்சியின் முதல் வாக்கியத்திலேயே அடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. தொலைக்காட்சி மழையைப் போன்றது: பெய்கிறபோது எல்லார் கூரையிலும் ஒரே சமயத்தில் பெய்யும், அந்நேரம் ஏனம் வைக்காதவனுக்கு இல்லை. இணையவழி வரும் ஓடிடி என்பதோ ஊருணி. படங்களும் தொடர்களும் கணினிக் கிடங்குகளில் தேங்கிக் கிடக்கின்றன; வேண்டுகிறவன் வேண்டுகிற சமயத்தில் முகந்துகொள்ளலாம். குடம் கொண்டு வந்தவனுக்குக் குடம், செம்பு கொண்டு வந்தவனுக்குச் செம்பு என்பதுகூட இங்கே பொருந்தும். ஏனெனில் ஒரே படத்தைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சிக்னல் நன்றாக இருந்தால் தெளிவான துண்டும், மெலிந்தால் மங்கலான துண்டுமாக நம் கைபேசியே கேட்டு வாங்கிக்கொள்கிறது. காட்சி நடுவில் மங்கி மறுபடி தெளிவது அதனால்தான்.

ஊருணி முன்பே வெட்டப்பட்டிருந்தாலும் அதற்குப் போகும் பாதைக்குச் சுங்கம் அதிகமாயிருந்தது. ஒரு ஜிபி டேட்டா இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில் கைபேசியில் சினிமா பார்ப்பது தனவந்தர்களின் லீலை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்து சில மாதங்களுக்கு டேட்டாவை இலவசமாகவே வாரி இறைக்க, மற்றக் கம்பெனிகளும் வேறு வழியின்றி விலையைக் குறைக்க, அந்தச் சுங்கச்சாவடி தகர்ந்தது. அதே சமயத்தில் கேபிளின் கணக்கோ தலைகீழாக மாறிற்று. 2011-இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்குக் கொடுத்ததை ஜனங்கள் மறக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நூறு சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் 40 காசு ஆகி, கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலையும் சேர்ந்தது. பார்ப்பவனுக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை அளிப்பதே அந்த விதியின் உத்தேசம்; பட்டியலைக் கையில் வாங்கிய பலர், தாம் பார்ப்பது நாலே நாலுதான் என்ற உண்மையை அன்றுதான் கண்டுகொண்டார்கள்.

விளம்பரம் மற்றொரு காரணம். மணிக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் கூடாதென்று விதி இருந்தும், கதாநாயகி கண்ணீரைத் துடைப்பதற்குள் மூன்று சோப்பும் இரண்டு நகைக்கடையும் வந்து போவதைக் கண்டு சலித்தவர்கள், இடையூறில்லாத கதை என்றதும் ஓடினார்கள். பிறகு 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு. கொட்டகைகள் பூட்டிக் கிடக்க, ‘பொன்மகள் வந்தாள்’ அந்த மே மாதத்திலும் ‘சூரரைப் போற்று’ நவம்பரிலும் நேரே அமேசான் பிரைமில் வெளியாயின. அதுவரை தீபாவளி, பொங்கலென்று காத்திருந்து தொலைக்காட்சியில் புதுப்படம் பார்த்த குடும்பங்களுக்கு, அந்தக் காத்திருப்பே அநாவசியமென்று தோன்றிவிட்டது. செட்டிநாட்டுக்கு மட்டும் விசேஷமான காரணமும் ஒன்று உண்டு: பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன, ஆளில்லாத வீட்டுக்கு மாதச் சந்தா எதற்கு? கைபேசியோ ஆளோடு கூடவே வந்து கூடவே போகிறது.

உலகெங்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 2025 மே மாதத்தில், தொலைக்காட்சித் திரையின் முன் ஜனங்கள் கழித்த நேரத்தில் 44.8 சதவீதம் இணையவழிக் காட்சிகளுக்குப் போய், கேபிளும் ஆகாயவழி ஒளிபரப்பும் சேர்ந்த பங்கையே முதன்முறையாக மிஞ்சியது. நம் நாட்டிலும் கட்டண டிடிஎச் சந்தாதாரர் தொகை, 2021-இல் ஏழு கோடியை ஒட்டியிருந்தது, 2025-இல் ஆறு கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் தொலைக்காட்சி செத்துவிட்டதென்று தமுக்கடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆச்சி விட்டது பெட்டியைத்தானே ஒழிய, தொடரையன்று. ஊருணிக்காரர்களும் முன்போல் உதாரர்களாக இல்லை: ஒரு படம் ஒரு தளத்தில், அடுத்தது வேறொன்றில், சந்தா ஏறுகிறது, போய்விட்டதென்று நாம் மகிழ்ந்த சோப்பும் நகைக்கடையும் மலிவான சந்தாக்களில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டன. எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே அரைமணி நேரம் போய்ப் படுக்கப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

2023 நவம்பர் 19-ஆம் தேதி, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டார் ஓடிடியில் ஒரே சமயத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் வரை பார்த்தார்கள். அந்தத் தொகையில் எங்கள் பட்டாலையில் ஒரு கைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்த ஏழு பேரும் சேர்ந்து ஒருவராகத்தான் உண்டு. ஊருணி நீர் வந்து சேரச் சற்று நேரமாகும்: மைதானத்துக் காட்சி துண்டு துண்டாகி, கிடங்கேறி, நம் கைக்கு வருவதற்குள் கேபிளைவிடச் சில விநாடிகள், சில வேளை அரை நிமிஷமே பிந்திவிடும். எதிர்வீட்டு ஐயா கேபிளை விடாதவர். அங்கிருந்து “ஐயையோ, போச்சே!” என்று ஒரு குரல் எழுந்து தெருவைக் கடந்து வந்தது. நாங்கள் ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம். அங்கே கம்மின்ஸ் அப்போதுதான் பந்தோடு ஓடிவரத் திரும்பினார். கோலி ஒன்றுமறியாதவராய் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார்.