மடங்கிய விரல்களுக்குள் வளரும் பூஞ்சை

பக்கவாதத்தால் செயலிழந்த கையின் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுக மடங்கிவிடும்போது, அங்கே தேங்கும் வியர்வையும் காற்றுப் படாத வெப்பமும், இயல்பாகவே உடலில் வாழும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகித் தோலைப் புண்ணாக்க வழிசெய்கின்றன. அக்குளும் தொடையிடுக்கும், டயப்பர் அணிவோரின் இடுப்புப் பகுதியும் இவ்வாறே பாதிக்கப்படுகின்றன; உணர்வு மரத்த பக்கத்தில் அரிப்பு தெரியாமற்போவதாலும், பேச்சிழந்தவரால் அதைச் சொல்ல இயலாததாலும், பல வேளைகளில் துர்நாற்றமே முதல் அறிகுறியாகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புழுக்கம் மிகுந்த சென்னைப் புறநகர்களில் நாள்தோறும் உடலைத் துடைத்துவிடுவது மட்டும் போதாது. மணிக்கட்டை மெல்ல உட்புறம் மடக்கினால் விரல்களின் இறுக்கம் தளரும் என்பதால், அவ்வாறு தளர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவி, இடுக்குகளைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி முழுமையாக உலர்த்துவதே முதன்மையானது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய அரசு 2018இல் விதியைத் திருத்திய பின்னரும் அவ்வழக்கம் ஓயவில்லை என்பது வருந்தத்தக்கது.

படுத்த படுக்கையாக இருப்போரின் இல்லத்திற்கே செவிலியரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் அனுப்பும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கியது. இத்திட்டத்தின் உதவியைக் கேட்டு, தோல் சிவந்து கசியத் தொடங்கும்போதே அருகிலுள்ள சுகாதார நிலையத்தைக் குடும்பத்தினர் அணுக வேண்டும்.