உறைநிலையில் உறங்கும் உயிரணுக்கள்

நாம் உட்கொள்ளும் மருந்துகளைச் சிதைத்து மாற்றும் உறுப்பு கல்லீரல். புதிய மருந்து ஒன்று கல்லீரலுக்குத் தீங்கு செய்யுமா என்பதை, மனிதர் உட்கொள்வதற்கு முன்பே அறிதல் வேண்டும். இவ்வாய்வுக்கு மனிதக் கல்லீரல் உயிரணுக்கள் பயன்படுகின்றன. உறுப்பு மாற்று அறுவைக்கு ஏற்காத கொடைக் கல்லீரல்களிலிருந்து அவை பிரித்தெடுக்கப்படுகின்றன. ஆயினும், உடலுக்கு வெளியே அவை நெடுநாள் வாழா. எனவே, அவற்றை உறையவைத்துச் சேமிக்கின்றனர்.

உயிரணுவினுள் நீர் உறைந்தால் பனிப்படிகங்கள் அதனைச் சிதைத்துவிடும். இதனைத் தடுக்கப் பாதுகாப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் மெல்லக் குளிர்விக்கின்றனர். அப்போது உள்ளிருக்கும் நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. பின்னர், திரவ நைட்ரஜன் கலன்களில் வைக்கின்றனர். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை -196 டிகிரி செல்சியஸ் ஆகும்.

தேவைப்படும்போது 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் விரைந்து உருக்குகின்றனர். சில உயிரணுக்கள் இறந்துவிடும். எஞ்சியவை மீண்டும் இயங்கும். ஒருவர் ஈந்த கல்லீரல், அவர் அறியாத பலரைக் காக்க உதவுகிறது.

வினா: உயிரணுக்களை மெல்லக் குளிர்விப்பது ஏன்?