ஆனையிறவைக் கடப்பவருக்குத் தண்ணீர்

தொடர்: கண்டி வீதி – 6

சென்ற வாரம் கண்டி வீதி மூடப்பட்டதையும் திறக்கப்பட்டதையும் படைகளின் பக்கமிருந்து பார்த்தோம். இந்த வாரம் அதே வீதியை வழிப்பயணியின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இந்தத் தூரத்துக்குள் இரண்டு எல்லைகளும் இரண்டு நிர்வாகங்களும் இருந்தன. இடையிடையே எவரும் உரிமை கோராத சூனிய வெளிகள் கிடந்தன. அப்படிப்பட்ட வழியில் போனவர் எதைச் சாப்பிட்டார், எதைக் குடித்தார் என்று போர் வரலாறுகள் கேட்பதில்லை. ஆனால் இந்த வீதியில் எல்லை எங்கே விழுந்தது, கடந்தவர் எந்த நிலையில் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார் என்பதைத் துப்பாக்கிக்கு அடுத்தபடியாகத் தீர்மானித்தது குடிதண்ணீர்தான். ஆகவே வழியில் தண்ணீர் கிடைப்பதை வியாபாரிக்கோ புண்ணியவானுக்கோ விட்டுவிடக் கூடாது. வீதியைப் போடுகிறவர்களே வீதியோடு சேர்த்துக் கட்டித்தர வேண்டிய பொதுவசதி அது என்பதே என் வாதம்.

சோற்றை விட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வழிச்சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தார் பெரிதாகத் தடுமாறியதில்லை. புழுக்கொடியல் மாதக்கணக்கில் கெடாது. குட்டானில் கட்டிய பனங்கட்டி, எள்ளுப்பாகு, பொரிவிளாங்காய் எல்லாம் பைக்குள் கிடந்து நாள்கணக்கில் தாங்கும். கட்டுச்சோறு ஒரு பகலுக்குப் போதும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் வாகனத்தில் ஏறுகிறவர்கள் குறைவு. பளைக்கு வந்தால் தென்னந்தோட்டங்கள், தென்மராட்சிக்குள் நுழைந்தால் மாவும் பலாவும். ஆனால் இந்தப் பண்டங்களில் பெரும்பாலானவை உலர்ந்தவை. தின்றபின் தண்ணீர் கேட்பவை. தண்ணீரோ ஒரு லீற்றர் ஒரு கிலோ எடை. கைக்குழந்தையையும் பொதியையும் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு குடும்பம் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க முடியாது. சாப்பாடு வீட்டிலிருந்து வரலாம். தண்ணீர் வழியில்தான் கிடைத்தாக வேண்டும்.

அந்த வழியோ தண்ணீர் விடயத்தில் மிகவும் ஏற்றத்தாழ்வானது. வன்னிப் பக்கத்தில் குளங்கள் இருக்கின்றன. இரணைமடுவை அண்டிய ஊர்களில் கிணறுகளும் கைகொடுக்கும். பரந்தனைத் தாண்டியதும் நிலத்தின் குணம் மாறிவிடுகிறது. ஆனையிறவில் வீதியின் இருபுறமும் கடல்நீரேரி, உப்பளம், வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் நீர் கிடந்தாலும் வாயில் வைக்க ஒரு மிடறு இல்லை. இயக்கச்சியிலும் பளையிலும் மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் மறுபடி தலைகாட்டுகிறது. அதற்கு அப்பாலும் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டும் மாரிமழை மண்ணுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேல்மட்டத்தில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த அமைப்பின் கண்கூடான சாட்சி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஒரு வளவில் நல்ல தண்ணீர், நாலு வளவு தள்ளி உவர் என்பது இங்கே சாதாரணம். எந்தக் கிணறு எப்படிப்பட்டது என்று ஊரவருக்குத் தெரியும். வழியால் வந்தவருக்குத் தெரியாது.

படைகளுக்கும் இந்த நிலத்திடம் விதிவிலக்குக் கிடைக்கவில்லை. 2000 ஏப்ரலில் இராணுவத்தின் ஆனையிறவுப் பெருந்தளம் புலிகளிடம் விழுந்ததை ஆராய்ந்தவர்கள் பீரங்கிகளையும் தரையிறக்கங்களையும் விரிவாகப் பேசுகிறார்கள். ஆனால் உப்பு வெளியில் அமைந்த அந்தத் தளத்துக்குக் குடிநீர் இயக்கச்சியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இயக்கச்சி கைமாறியதும், சித்திரை வெயிலில் ஆயிரக்கணக்கான படையினர் தண்ணீரில்லாமல் தாக்குப்பிடிக்க வழியில்லாமல் போயிற்று. ஏப்ரல் 22ஆம் திகதி தளம் கைவிடப்பட்டது. ஒல்லாந்தரும் தங்கள் காலத்தில் ஆனையிறவோடு நில்லாமல் இயக்கச்சியிலும் ஒரு சிறு கோட்டையை வைத்திருந்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் இந்தக் கடவை இருக்கிறது என்பதை 2000ஆம் ஆண்டு எல்லோருக்கும் தெரியும்படி காட்டியது.

படைக்கே இந்தக் கதி என்றால் குடிமக்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது போதிய அளவு சொல்லப்படவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சில இலட்சம் மக்கள் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நடந்தது இதே கண்டி வீதியில்தான்: செம்மணி வெளி, பிறகு நாவற்குழிப் பாலம். சைக்கிளில் போனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்காத தூரத்தை இரவு முழுவதும் அங்குலம் அங்குலமாகக் கடந்தார்கள். இரண்டு பக்கமும் உவர் நிலம். கிணறில்லை, வீடில்லை, கடையில்லை. மழை கொட்டியது. குடைகளைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள் என்று அந்நாளைய பதிவுகள் சொல்கின்றன. அன்று மழை பெய்திராவிட்டால் முதியவர்களும் குழந்தைகளும் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. அது மாரிகாலத் தொடக்கமாக அமைந்தது தற்செயல். பங்குனியில் நடந்திருந்தால் வானமும் கைவிட்டிருக்கும். நகரத்தின் வாசலிலே இருக்கிற அந்த வெளியில் வழிப்போக்கருக்கென்று குடிதண்ணீர் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அமைதிக் காலத்தில் யாரும் அதை ஒரு குறையாகக் கருதவில்லை, ஏனென்றால் பஸ்ஸில் போனால் அது சில நிமிட தூரம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் முகமாலைக் கடவை திறந்தபோது, பயணம் எழுதப்பட்ட விதிகளுக்குள் வந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இராணுவச் சோதனை. சூனிய வெளியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரசன்னம். மறுபுறம் புலிகளின் சோதனையும் வரியும். கடவைக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது. பிந்தினால் அடுத்த நாள்தான். வரிசையில் நின்று, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டி, வெயிலில் நடந்து ஏறினார்கள். வீதியோரம் மரநிழல் இருந்தாலும் அங்கே ஒதுங்க முடியாது. மண்டையோட்டுப் பலகைகள் மிதிவெடி என்று எச்சரித்தன. பழைய கிணறு ஒன்று பத்து யார் தள்ளித் தெரிந்தாலும் அது எட்டாத கிணறுதான். கடவையின் இருபுறமும் தேநீர்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தது உண்மை. அவை பலருக்குப் பிழைப்புத் தந்தன. எனினும் சோதனைச் சாவடிக்கு இடம் ஒதுக்கியவர்கள், வரி வாங்க மேசை போட்டவர்கள் எல்லோரும் பயணியைச் சரிபார்க்க வேண்டிய ஒருவராகத்தான் கண்டார்கள், தாகமுள்ள ஒருவராகக் காணவில்லை. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்து வீதி மூடப்பட்டதோடு அந்தப் பயணமும் முடிந்தது.

போர் முடிந்தபின் வீதி அகலமாக்கப்பட்டது, காபெற் போடப்பட்டது. இராணுவம் நடத்திய சிற்றுண்டிச்சாலைகள் வழியெங்கும் திறந்தன. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அங்கே இறங்கித் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பாளா என்று அதைத் திட்டமிட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கிளிநொச்சியில் தகர்க்கப்பட்டு விழுந்த பெரிய தண்ணீர்த் தாங்கி, நினைவுப் பொருள் கடையோடு பார்வையாளர்களுக்கான காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. அந்த வீதியில் தண்ணீர் சம்பந்தமாக அதிகம் படம்பிடிக்கப்பட்ட பொருள் ஒருவருக்கும் ஒரு சொட்டும் தராத அந்தத் தாங்கிதான். இன்று பயணிக்கு மிஞ்சியிருப்பது போத்தல் தண்ணீர். 2025 ஏப்ரலில் அரசு விதித்த உச்ச விலைப்படியே ஒரு லீற்றர் 100 ரூபாய். ஐந்து பேர் கொண்ட கூலித் தொழிலாளர் குடும்பம் ஆளுக்கு ஒரு லீற்றர் வாங்கினால் ஐந்நூறு ரூபாய் தண்ணீருக்கே போய்விடும். இரவு பஸ்களில் போகிறவருக்கு எந்தக் கடையில் நிற்பது என்ற தெரிவுகூட இல்லை. சாரதி நிறுத்தும் இடத்தில் வாங்கியாக வேண்டும்.

இந்த இடத்தில் பழமையை விரும்புவோர் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: எங்கள் முன்னோர் மடமும் கேணியும் சுமைதாங்கியும் கட்டி வைத்தார்களே, அந்தத் தருமத்தை மீட்டால் போதாதா? பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை கவிந்து நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். சுமையை ஆளுதவி இல்லாமல் இறக்கி வைக்கக் கல், மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல், அருகே நீர் என்று வழிநடையின் ஒவ்வொரு தேவையையும் கவனித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த நீர் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. வேறொருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். தேநீர்க் கடைகளில் அவர்களுக்குச் சிரட்டையும் போத்தலும் தனியாக வைக்கப்பட்டிருந்தன. ஓமந்தையும் முகமாலையும் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஒவ்வொரு கிணற்றடியிலும் ஓர் எல்லைச் சாவடி இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் மட்டும் போதவில்லை; 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலமும், சங்கானை முதலான இடங்களில் நடந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும் தேவைப்பட்டன. ஆகவே மடத்தை மீட்பதென்றால் அதன் கைவண்ணத்தை மீட்கலாம். அதன் உரிமை முறையை மீட்கக் கூடாது. கொடுப்பவரின் மனம் பார்த்துக் கிடைக்கும் தண்ணீர் என்றைக்காவது ஒருவருக்கு மறுக்கப்படும். பொதுக் குழாய் யாரையும் ஊர் கேட்காது, பெயர் கேட்காது.

தருமம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறார்கள். அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரையில், வழியிலுள்ள ஊர்கள் அடியார்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்து அனுப்புகின்றன. நாட்டில் இதைவிட நீண்ட விருந்தோம்பலை நான் அறியேன். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஓயாது. ஆனால் தேர், தீர்த்தம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் காணிக் கச்சேரிக்கும் போகிறவர்கள் ஆண்டு முழுவதும் இந்த வீதியில் போகிறார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பொதுக் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா? தீவிர பயிர்ச்செய்கை நடக்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பானது. அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்திலிருந்து போத்தலுக்குப் போவது ஒரு வழி. பரிசோதித்த பொது நீருக்குப் போவது இன்னொரு வழி. 1854இல் லண்டனில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருப் பம்பின் தண்ணீரையே காரணமாகக் காட்டினார். அதற்காக அந்த நகரம் பொதுத் தண்ணீரைக் கைவிடவில்லை. 1859இல் இலவசக் குடிநீர் ஊற்றுகளுக்கென்று ஒரு சங்கம் அமைத்துத் தெருத்தெருவாகச் சுத்தமான ஊற்றுகளை நிறுவியது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே கண்டி வீதியில் இருக்கும் மதவாச்சி சிறுநீரக நோயால் நொந்துபோன ஊர். அந்தப் பகுதிகளில் கடற்படையும் கிராமச் சங்கங்களும் நிறுவிய சுத்திகரிப்பு நிலையங்கள் போத்தல் விலையில் ஒரு சிறு பங்குக்குத் தண்ணீர் தருகின்றன. மதவாச்சியில் முடிந்தது பரந்தனில் முடியாதா?

தண்ணீரே பற்றாக்குறை, வழிப்போக்கருக்கு எங்கிருந்து கொடுப்பது என்பாரும் உண்டு. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. வயலுக்குப் போதாத நீரைப் பகிரச் சொல்வது எளிதல்ல. அதன் பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. பத்தாயிரம் பயணிகள் ஆளுக்கு இரண்டு லீற்றர் குடித்தாலும் 20 கன மீற்றர்தான். அந்தக் கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே கேட்பது பெரிதல்ல. முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, சாவகச்சேரி, செம்மணி ஆகிய ஏழு இடங்களில் நிழலும் இருக்கையும் குடிநீர்க் குழாயும் அமைய வேண்டும். இடத்தை வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒதுக்கட்டும். நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கொடுத்து, பரிசோதனை முடிவை அங்கேயே மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டட்டும். கரைச்சி, பச்சிலைப்பள்ளி, சாவகச்சேரி பிரதேச சபைகளும் மற்ற உள்ளூராட்சி மன்றங்களும் தத்தம் எல்லைக்குள் பராமரிக்கட்டும். குழாயை உடைப்பார்கள், திருடுவார்கள் என்ற பேச்சு வரும். தெருவிளக்கையும்தான் உடைக்கிறார்கள், அதற்காக எந்தச் சபையும் விளக்குப் போடாமல் இருப்பதில்லை. பக்கத்தில் கச்சான் விற்பவருக்கும் இளநீர் வெட்டுபவருக்கும் இடம் கொடுத்தால், அந்த இடத்தைக் கவனிக்க அவர்களைவிட அக்கறையான காவலர் கிடைக்க மாட்டார். முதலில் தொடங்க வேண்டிய இடம் ஆனையிறவு. உப்பைத் தவிர வேறெதுவும் விளையாத அந்த வெளியில் இன்று பயணிகள் இறங்கிப் பார்ப்பது போரின் நினைவுச் சின்னங்களை மட்டுமே.

தண்ணீர் குடித்தவர் சிறிது தூரத்தில் இன்னொன்றைத் தேடியாக வேண்டும். பெண்கள் இந்த வீதியில் தாகத்தோடேயே பயணம் செய்வதற்கு உண்மையான காரணம் அதுதான். வழியோர மலசலகூடங்களைப் பற்றி அடுத்த வாரம்.