எந்த நேரத்துக்கு எந்த அலை?

சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் மறந்திருக்காது. செய்தியின் நடுவே குரல் தேய்ந்து, கரகரத்து, மறுபடி பக்கத்தில் வந்து நிற்கும். நமக்கு அது தொல்லை. நடுக்கடலில் இருந்த ரேடியோ ஆபீசருக்கு அதைச் சமாளிப்பதுதான் வேலையே.

கப்பலின் வி.எச்.எஃப். கருவி சுமார் 30 கடல் மைலோடு சரி. பூமியின் வளைவு மறைத்துவிடும். சிற்றலை மேலே போய், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனால் மின்னேற்றம் பெற்ற அடுக்கில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். கடல்நீர் அதைத் திரும்ப மேலே அனுப்பும். தூரத்துக் கப்பலுக்குத் தெளிவாகக் கேட்பது, இடையில் நிற்கும் கப்பலுக்குச் சுத்தமாகக் கேட்காமல் போவதும் உண்டு.

சிக்கல், அந்த அடுக்கு ஒரு நிலையில் இருக்காது. பகலில் அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உருவாகித் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கும். அப்போது 12, 16, 22 மெகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். பொழுது சாய்ந்ததும் கீழடுக்கு கரைந்துபோகும். மேலடுக்கும் மெலிவதால் உயர்ந்த அலைகள் விண்வெளிக்குத் தப்பிவிடும். 4, 6, 8-க்கு இறங்கவேண்டும். கப்பலில் விடியும்போது கரையில் நள்ளிரவாக இருந்தால்? அங்கேதான் அனுபவம் பேசும்.

இந்த வித்தையின் பெரிய முகவரி கப்பல்களோடு பேசிய கரை நிலையமான பிரிட்டனின் போர்ட்டிஸ்ஹெட் ரேடியோ. பெயர்தான் போர்ட்டிஸ்ஹெட், ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருந்தது ஹைபிரிட்ஜ் என்ற ஊரில். சொந்த ஒலிபரப்பியின் இரைச்சல் காதை அடைக்கும் என்பதால் அனுப்பும் இடமும் கேட்கும் இடமும் தள்ளியே இருந்தன. யார் யாருக்குத் தகவல் காத்திருக்கிறது என்று குறித்த நேரங்களில் கப்பல்களின் அழைப்புக்குறிகளை வாசிப்பார்கள். முதலாளியின் உத்தரவாகவும் இருக்கலாம், வீட்டில் குழந்தை பிறந்த சேதியாகவும் இருக்கலாம்.

செயற்கைக்கோள் வந்தது. 1999 பிப்ரவரி 1-இல் புதிய கடல் பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வர, கப்பலில் மோர்ஸ் தெரிந்த ரேடியோ ஆபீசர் கட்டாயம் என்பது போனது. 2000-இல் போர்ட்டிஸ்ஹெட் ரேடியோ மூடப்பட்டது.

ஆனால் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் துருவங்களில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அங்கே செல்லும் கப்பல்களுக்குச் சிற்றலையே நெடுங்காலம் துணை. இன்றைய சிற்றலைக் கருவி ஆபத்து அழைப்புக்கான அலைவரிசைகளை மாற்றி மாற்றித் தானே கேட்கிறது. ஆபத்தென்றால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றிலும் கூப்பிடும். எந்த நேரத்துக்கு எது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.