காலிப் பெட்டியின் ஊற்றுக்கண்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. விவசாயி என்ன செய்வார்? வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். மடை, கிளை வாய்க்கால், மதகு என்று பார்த்துக்கொண்டே போனால் முக்கொம்புக்கே வந்து சேர்ந்துவிடலாம். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் அவ்விடத்தில்தான், 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார்.

மாணவ நண்பர்களே, கணிப்பொறியிலும் இப்படி மேலே நடக்கவேண்டிய வேளை வரும். 'உதவி மேசை' மென்பொருள் என்று ஒன்று உண்டு. முறையீடுகளைப் பதிந்து, உரியவரிடம் அனுப்பி, தீரும்வரை கண்காணிப்பது அதன் வேலை. இவ்வகையில் புகழ்பெற்ற ஃப்ரெஷ்டெஸ்க், திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் நண்பருடன் தொடங்கியது.

ஒரு கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மறந்த மாணவி ஒருத்தி உதவி கேட்கிறாள், நாளை தேர்வு. அவளுடைய பதிவில் பாதிப் பெட்டிகள் காலி. 'இவள்தான் அவள்' என்று உறுதி செய்யாமல் புதுக் கடவுச்சொல் தரமுடியுமா? முறையீடு அப்படியே கிடக்கிறது.

குற்றம் உதவி மேசையினுடையதா? பெரும்பாலும் இல்லை. அது யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கல்லூரியின் பயனர் பட்டியலிலிருந்து நகலெடுக்கிறது. பட்டியலுக்கு விவரம் தருவது அலுவலகம். அலுவலகத்துக்குத் தந்தது சேர்க்கைப் படிவம்.

ஆகவே, 'யார் யாருடைய பெட்டி காலி?' என்று முதலில் கேளுங்கள். எல்லாருடையதும் என்றால், பெட்டிகளைப் பொருத்தியதில் பிழை. ஒரு தேதிக்குப் பிறகு வந்தவர்களுடையது மட்டும் என்றால், அன்று எதை மாற்றினார்கள் என்று விசாரிக்கவேண்டும். மின்னஞ்சல் வழியே முறையிட்டவர்கள் மட்டும் என்றால், அந்த முகவரியை மட்டும் வைத்துப் பதிவு தானாக உண்டாகியிருக்கும்.

தலைப்பெழுத்து உள்ளவர்கள் மட்டும் என்றால்? அதுதான் நம்மூர்க் கதை.

1988-இல் வெளியான எக்ஸ்.500 என்ற சர்வதேசப் பட்டியல் தரம், ஆள் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. பின்வந்த எல்டாப் முறையும் அதையே பின்பற்றியது. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது! காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். 'சி' என்பது தந்தை சந்திரசேகரர். ராமனுடைய அண்ணன் மகனும் நோபல் பரிசு பெற்றவர், சுப்பிரமணியன் சந்திரசேகர். இதில் சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர். படிவத்தின்படி பார்த்தால் சித்தப்பா 'ராமன்' குடும்பம், மகன் 'சந்திரசேகர்' குடும்பம்!

இப்படிப்பட்ட கட்டாயப் பெட்டியைக் கண்ட எழுத்தர் என்ன செய்வார்? ஒரு புள்ளி வைப்பார், அல்லது தலைப்பெழுத்தை மட்டும் இடுவார். அடுத்த கட்டத்து மென்பொருள், 'ஓரெழுத்து பெயராகாது' என்று அதைத் தள்ளிவிடக்கூடும். பெட்டி காலியாவது அங்கேதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒருவருடைய பதிவைப் பின்தொடர்ந்தால் போதும். நடுக்கட்டத்தில் முதலில் பாருங்கள். அங்கே பெயர் முழுமையாக இருந்தால் பிழை அதற்குக் கீழே, இல்லையென்றால் மேலே. ஒவ்வொரு முறையும் தேடுமிடம் பாதியாகும். எட்டுக் கட்டங்கள் இருந்தாலும் மூன்றே பார்வையில் பிடித்துவிடலாம்.

பிறகு படிவத்தில் 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி வைத்து, பட்டியல் கேட்கும் குடும்பப் பெயருக்கு எதை இடுவது என்று கல்லூரி ஒரு விதி வகுத்துக்கொள்ளவேண்டும். உதவி மேசையிலேயே உட்கார்ந்து காலிப் பெட்டிகளைக் கையால் நிரப்புகிறவர்களும் உண்டு. பாவம், அன்றிரவே அடுத்த நகல் வந்து அவற்றை மறுபடி காலியாக்கிவிடும்.