வளைவில் இருக்கிறது சூட்சுமம்

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த ‘மேஸ்’ காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் கண்ணாடி 21 மீட்டர் அகலம் என்பதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அகலத்தைவிட அதன் வளைவுதான் என்னைக் கட்டிப்போட்டது.

காமா கதிர் தரையைத் தொடுவதில்லை. காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறுகிறது. அப்போது பிறக்கும் நீலநிறச் செரென்கோவ் ஒளி சில நானோநொடிகளே நீடிக்கும். 1,000 கிகா எலக்ட்ரான்வோல்ட் கதிர் என்றால் சதுர மீட்டருக்கு நூறு ஃபோட்டான் அளவுக்கு விழும். மேஸ் எட்டிப் பிடிக்க நினைப்பதோ 20 கிகா எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றல் குறைந்த கதிர்களையும். அங்கே ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது. அதனால்தான் 356 சதுர மீட்டர் பரப்பு.

ஆனால் பரப்பு கூடினால் இரவு வானத்தின் வெளிச்சமும் சேர்ந்தே கூடும். அதை ஒதுக்க, ஒளியைக் கணக்கில் எடுக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும். வளைவின் பங்கு இங்கேதான் வருகிறது.

இத்துறையில் நெடுங்காலம் கோலோச்சியது டேவிஸ்–காட்டன் வடிவம். சூரிய உலைக்காக 1957-இல் வந்த யோசனை அது. துண்டுக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே குவியத் தூரம் கொண்டவை என்பதால் செய்வது சுலபம், செலவும் குறைவு. நண்டு நெபுலாவின் காமா கதிர்களை 1989-இல் உறுதிசெய்த அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி இந்த வகைதான். விப்பிளின் 10 மீட்டருக்கு அது சரி. 21 மீட்டர் அகலம், 25 மீட்டர் குவியத் தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விளிம்பு மையத்தைவிட 2.3 மீட்டர் உயர்ந்து நிற்கும். ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. ஆக, விளிம்பில் பட்ட ஒளி ஏழு நானோநொடிக்கும் மேல் முந்திவிடும். செரென்கோவ் ஒளியே அவ்வளவு நேரம் இருப்பதில்லையே! கண்ணாடியே அதை இழுத்து நீட்டிவிட்டால், இடைப்பட்ட நேரத்தில் வான வெளிச்சம் புகுந்துவிடும்.

பரவளைய வடிவில் எல்லா ஒளியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். நமீபியாவின் ஹெஸ் குழுவினரும் 12 மீட்டர் தொலைநோக்கிகளுக்கு டேவிஸ்–காட்டனை வைத்துக்கொண்டு, 28 மீட்டருக்குப் பரவளையத்துக்கு மாறினார்கள். மேஸும் அதே வழியில் போனது. அதற்கான உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. மொத்தம் 1,424 துண்டுகள். மையத்தில் 25 மீட்டர் குவியத் தூரம், விளிம்பை நோக்கிப் போகப் போக 26.5 வரை. ஒவ்வொன்றும் அலுமினியக் கலவையை வைர முனையால் கடைந்து பளபளப்பாக்கியது. இவ்வளவு பெரிய கருவியைக் கூரைக்குள் வைக்க முடியாது. பனியும் புழுதியும் நேராக மேலே விழும். எதிரொளிப்பு பத்து சதவீதம் குறைந்தால், 35 சதுர மீட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததற்குச் சமம்.

பரவளையத்துக்கும் ஒரு குறை உண்டு. பார்வையின் ஓரத்தில் விழும் ஒளி புள்ளியாகக் குவியாமல் வால் நீண்டு பரவும். பிம்பத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் காமா கதிரையும் காஸ்மிக் கதிரையும் பிரித்தறிகிறோம் என்பதால் இது சிறிய குறையல்ல. இரண்டு கண்ணாடிகளைக் கொண்டு அதைச் சரிசெய்யும் முயற்சி இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவில் நடக்கிறது. அங்கே அடுத்த வாரம் போவோம்.